கருவாட்டுத் தூளா, சோயாவா?

2021-ல் கோழித் தீவனத்துக்கான சோயா புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, மத்திய அரசே மரபணு மாற்றிய சோயா புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்துகொள்ள அனுமதித்த சமயம், சரி, நாமும் பழையபடி கருவாட்டுத் தூளுக்குப் போவோம் என்று இரண்டு மூட்டை வாங்கினேன். கறிக்கோழிக்கு அது நல்ல புரதம்தான், சோயாவில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) இதில் தாராளம். ஆனால் மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால், டம்ளர் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு மணல்! உப்பு வேறு. நாலே நாளில் கோழிகள் தண்ணீராகக் குடித்துத் தள்ள, எச்சம் நீர்த்து, கீழே பரப்பிய தேங்காய் நார்த்தூள் எல்லாம் சேறு, கொட்டகைக்குள் போனால் கண் எரிந்தது. கடைசி வாரம் வரை இதையே கொடுத்தால் கறியிலும் மீன் வாடை வரும்.

அப்புறம் சோயாவுக்கே திரும்பிவிட்டேன். மெத்தியோனின் குறைக்குக் கடையில் கிடைக்கும் மெத்தியோனின் பொடியை ஒரு டன் தீவனத்துக்கு இரண்டு மூன்று கிலோ கலந்தால் போதும். ஒன்று, சோயா சரியாக வெந்திருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் புரதம் செரிக்காது.

மீதி ஒன்றரை மூட்டை கருவாட்டுத் தூள் தென்னைக்கு உரமாகப் போனது.