கழுத்து நாடியும் மயக்கவாயுவும்

கல்லடியிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கழுத்து நாடியில் படிந்த அடைப்பை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனையின்போது, மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரான என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரஷர் இறங்காத மருந்தாப் பாத்துக் குடு மனே" என்றார். நியாயமான வேண்டுகோள்தான்; ஆனால், அப்படியொரு வாயு எங்களிடம் இல்லை.

ஐசோபுளூரேன், செவோபுளூரேன், டெஸ்புளூரேன் ஆகிய மூன்று மயக்கவாயுக்களுமே குருதிக் குழாய்களைத் தளர்த்தி, கொடுக்கும் அளவுக்கேற்ப அமுக்கத்தைக் குறைப்பவை. பழைய ஹலோதேனோ இதயம் சுருங்கும் வலுவையே தாழ்த்தியது. இம்மூன்றும் பெரிதும் வேறுபடுவது வேகத்தில். குருதியில் கரையும் விகிதம் ஐசோபுளூரேனுக்கு ஏறத்தாழ 1.4, செவோபுளூரேனுக்கு 0.65, டெஸ்புளூரேனுக்கு 0.42, குறைவாகக் கரைவது விரைவாக நீங்கும். நோயாளி உடனே விழித்து, எதிர்ப்பக்கக் கையை அசைத்துக் காட்டினால்தான் பாரிசவாதம் வரவில்லை என்று அறியலாம் என்பதால், இந்த வேகம் எங்களுக்கு மிகவும் வேண்டியது.

அப்படியானால் டெஸ்புளூரேனே சிறந்தது எனத் தோன்றும். ஆனால், ஏறத்தாழ 23 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும் அத்திரவத்துக்கு, மட்டக்களப்பின் பகல் வெக்கையே கொதிநிலையைத் தாண்டியது என்பது ஒருபுறமிருக்க, அதன் செறிவைச் சட்டென்று கூட்டினால் பரிவு நரம்புகள் கிளர்ந்து, நாடித்துடிப்பும் அமுக்கமும் சில நிமிடங்களுக்கு எகிறிவிடும். இதய நாடிகளும் சுருங்கியிருக்கக்கூடிய இந்நோயாளிகளுக்கு அது ஆபத்தானது. செவோபுளூரேனில் அந்தத் துள்ளல் இல்லை. ஆகவே நான் அதையே தெரிவுசெய்கிறேன்.

எனினும், வாயுவைவிட அதைத் திருகும் கையின் நிதானமே பெரிது என நம்புகிறேன். நாடி கிடுக்கியால் அடைக்கப்பட்டிருக்கையில், அந்தப் பக்க மூளை பெரும்பாலும் மறுபக்கக் குருதியையே நம்பியிருப்பதால், அமுக்கத்தை நோயாளியின் வழமையான அளவிலோ அதற்கு 20 வீதம் மேலாகவோ வைத்திருக்கிறோம். நாடி பிரியும் இடத்திலுள்ள அமுக்க உணரிகளில் அறுவையாளரின் விரல் பட்டாலே துடிப்பும் அமுக்கமும் சரியலாம். அது எந்த வாயுவின் குற்றமுமல்ல. அவரைக் கையெடுக்கச் சொல்லி, வாயுவைச் சற்றுக் குறைத்து, தேவையானால் துடிப்பைக் கூட்டும் அற்றோபினோ அமுக்கத்தை ஏற்றும் பினைலெப்ரினோ சிறிதளவு கொடுக்கிறோம்.

வழமையான அளவு எது என்பதற்குப் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டினேன்: 155, 160, 150, 155 என ஆறு மாதப் பதிவுகள் இருந்தன. அவற்றை மயக்கமருந்துத் தாளில் எழுதி, கிடுக்கி இட்டிருக்கையில் மேல் அமுக்கம் 155-க்குக் கீழே இறங்கலாகாது எனச் சிவப்பு மையில் கோடிட்டு வைத்தேன்.