புதுச்சேரி கிளினிக் தளத்தைப் புது வேர்ட்பிரஸுக்கு மாற்றியபோது இடித்த இடங்கள்

ஆன்லைன் முன்பதிவுப் படிவம் முதல் நாள் நன்றாக ஓடுகிறது. மறுநாள் காலையில் எதை அனுப்பினாலும் "பிழை, மீண்டும் முயலவும்" என்கிறது. இப்படி நடந்தால் படிவத்தைத் தரும் பிளக்கினை (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருளை) திட்டுவதற்கு முன் கேஷை (வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பக்க நகலை) பாருங்கள்.

இப்படிப்பட்ட படிவங்கள் பலவற்றில், தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தரும் ஒரு ரகசியச் சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கும். நான்ஸ் என்பார்கள். அதற்கு ஆயுள் 12 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரைதான். கேஷோ முதல் நாள் எடுத்த பக்கத்தையே, அந்தப் பழைய எண்ணோடு சேர்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும். எண் காலாவதியானதும் சர்வர் படிவத்தை ஏற்காது. ரிசப்ஷனில் இருப்பவர் லாகின் செய்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் லாகின் செய்தவர்களுக்கு வழக்கமாகக் கேஷ் பக்கம் போவதில்லை. நெல்லிக்குப்பத்திலிருந்து கைபேசியில் டோக்கன் போட முயன்றவருக்குத்தான் பிழை.

தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஆதரவுக் குழுவிடம் டிக்கெட் போட்டோம். கேஷைத் துடைத்தார்கள், படிவம் வேலை செய்தது, "தீர்ந்தது" என்று டிக்கெட்டை மூடினார்கள். மறுநாள் திரும்பவும் அதே பிழை, திரும்பவும் அதே துடைப்பு. காரணம் கேட்டால் "இப்போது வேலை செய்கிறதே சார்" என்பதுதான் பதில். நிரந்தரத் தீர்வு எளிது: முன்பதிவுப் பக்கத்தைக் கேஷிலிருந்து விலக்குங்கள். முடியாவிட்டால் கேஷ் ஆயுளை 10 மணி நேரத்துக்குக் கீழே வையுங்கள். பிளக்கினில் ஒரு கேஷ், ஹோஸ்டிங்கில் ஒரு கேஷ், சிடிஎன்னில் (பல ஊர்களிலிருந்து பக்கத்தை வழங்கும் சர்வர் வலையில்) ஒரு கேஷ் என மூன்று இடத்தில் இருக்கலாம். மூன்றிலும் விலக்க வேண்டும். லாகின் செய்யாத உலாவியில், ஒரு முழு நாள் கழித்துச் சோதித்த பிறகே சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, எதற்காக இந்த மாற்றம் தொடங்கியதோ அந்தப் புது வசதிகள். ஒரு டாக்டரின் ஓபி நேரம் மாறினால் ஒரே இடத்தில் திருத்த வேண்டும் என்பதுதான் ஆசை. 2024 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.5 பதிப்பின் பிளாக் பைண்டிங்ஸ் அதற்கானதுதான்: தனி ஃபீல்டில் (ஒரு தகவலைச் சேமிக்கும் கட்டத்தில்) இருக்கும் நேரத்தைப் பக்கத்தில் உள்ள பத்தியோடு கட்டிவிடலாம். அதைத் திரையிலேயே சொடுக்கிச் செய்யும் வசதி 2024 நவம்பரின் 6.7இல் வந்தது. ஆனால் பல இடங்களில் ஃபீல்ட் பட்டியலிலேயே தென்படாது. அதைப் பதிவு செய்யும்போது, தரவை எடிட்டருக்குத் திறந்துவிடும் 'ஷோ இன் ரெஸ்ட்' அமைப்பு ட்ரூ என்று இருக்க வேண்டும். 'டாக்டர்' என்ற போஸ்ட் டைப்புக்கு (உள்ளடக்க வகைக்கு) கஸ்டம் ஃபீல்ட்ஸ் ஆதரவு கொடுத்திருக்க வேண்டும். ஃபீல்ட் பெயர் அண்டர்ஸ்கோரில் தொடங்கவே கூடாது. பழைய தளத்து ஃபீல்டுகள் பலவும் அண்டர்ஸ்கோரில் தொடங்கியவை, பெயரை மாற்றித் தரவை நகர்த்த வேண்டியதாயிற்று.

அடுத்த அடி அட்டவணையில். 6.7இல் பத்தி, தலைப்பு, படம், பொத்தான் ஆகிய நான்கு பிளாக்குகளோடு (பக்கத்தைக் கட்டும் துண்டுகளோடு) மட்டுமே கட்ட முடியும். டேபிள் கிடையாது. எல்லா கிளினிக்கும் ஓபி நேரத்தை டேபிளாகத்தான் வைத்திருக்கும். அதைக் கலைத்து, நெடுவரிசை (காலம்ஸ்) பிளாக்குக்குள் கிழமைக்கு ஒரு பத்தி என்று பிரிக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, இந்தக் கட்டு அந்தந்தப் பக்கத்தின் ஃபீல்டை மட்டுமே எடுக்கும். முகப்பில் "இன்று இருக்கும் மருத்துவர்கள்" என்று காட்ட வேண்டுமானால் பதிவுகளைப் பட்டியலிடும் க்வெரி லூப் பிளாக்குக்குள் வைத்தால்தான் நேரம் வரும், வெளியே வைத்தால் வெற்றிடம்.

2025 டிசம்பரின் 6.9இல் வந்த நோட்ஸ் வசதி உண்மையிலேயே பயன்பட்டது. எந்தப் பத்தியில் சந்தேகமோ அங்கேயே குறிப்பு எழுதலாம். டாக்டர் லாகின் செய்வார் என்று மட்டும் கனவு காணாதீர்கள். அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவுதான் அனுப்புவார், கேட்டுவிட்டு யாராவது நோட்டாக எழுத வேண்டும். ஃபான்ட் லைப்ரரி வழியாக நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்றியது, படங்கள், மெனு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன.

சிக்கல் எழுத்துருவில் இல்லை, எழுத்திலேயே இருந்தது. நோயாளிகளுக்கான பழைய கையேடுகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினிக் கோப்பில் தமிழும் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது, எழுத்துருதான் தமிழ்போலக் காட்டுகிறது. அதனால் யூனிகோடு மாற்றி (இன்றைய பொது எழுத்துக் குறிமுறைக்கு மாற்றும் கருவி) எது தமிழ், எது ஆங்கிலம் என்று பிரித்தறியாது. மில்லிகிராமைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் 'அப' ஆகிவிட்டன. மருந்தின் அளவு "500 அப" என்று வந்து நின்றது, மருந்துப் பெயர்களும் குழம்பின. அளவு தப்பாக வெளியானால் அது வெறும் எழுத்துப்பிழை அல்ல. மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலப் பகுதிகளைத் தனியே எடுத்துவிடுங்கள், மாற்றிய பிறகு எண் வரும் ஒவ்வொரு வரியையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிடுங்கள்.

இதே மாற்றிகள் இன்னொரு வம்பையும் விட்டுச் செல்கின்றன. 'டோ' என்ற எழுத்தில் வரும் ஓகாரக் குறி யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தட்டத் தட்ட வடிகட்டும் டாக்டர் தேடல் பெட்டிக்கு அவை வெவ்வேறு, ஆகவே "டாக்டர் இல்லை" என்று சொல்லும். மாற்றிய உரை முழுவதையும் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு சீர்வடிவத்துக்கு) கொண்டுவந்த பிறகே தளத்தில் ஏற்றுங்கள்.

பக்கங்களின் இணைய முகவரிகளைத் தமிழிலேயே விடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு (முகவரியின் கடைசிப் பகுதிக்கு) 200 எழுத்துதான் இடம். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் சதவீதக் குறிகளாக மாறும்போது 9 இடத்தைத் தின்னும், எனவே 22 குறிகளில் கதை முடிந்துவிடும். "நீரிழிவு நோயாளிகளுக்கான" என்பதிலேயே சரியாக 22 ஆகிவிடுகிறது. அதற்குப் பின் 'உணவு முறை' வந்தாலும் 'கால் பராமரிப்பு' வந்தாலும் வெட்டுப்பட்டு ஒரே ஸ்லக், இரண்டாவதற்கு வாலில் ஒரு 2. ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பதிவுகளுக்கு வேர்ட்பிரஸே பழைய முகவரியைத் திருப்பிவிடும். பக்கங்களுக்கு அதைச் செய்யாது, ரீடைரக்ட் நாம்தான் போட வேண்டும்.

பின்கோடை வைத்து மாநிலத்தைத் தானே நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர் என்று யாரோ எழுதிவைத்த விதி இங்கே செல்லாது. விழுப்புரம் 605602, கோட்டக்குப்பம் 605104, இரண்டும் தமிழ்நாடு. பாகூர் 607402, அது புதுச்சேரி. காரைக்கால் 609இல் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருபவர் எந்த மாநிலம் என்பது பில்லிங் கவுன்ட்டரில் முக்கியம். தவறாக நிரம்பிய மாநிலத்தை யாரும் திருத்துவதில்லை.

எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்றது எஸ்எம்எஸ். டிஎல்டி பதிவு (வணிகச் செய்தி அனுப்ப முன்கூட்டியே செய்ய வேண்டிய பதிவு), ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் மாதிரி வாசகம்) எல்லாம் தெரிந்த சடங்குதான். தமிழ் டெம்ப்ளேட்தான் பாடாய்ப் படுத்தியது. யூனிகோடு செய்தியில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள். தாண்டினால் துண்டுக்கு 67 என்று கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் காசு. கணக்கு எழுத்துக்கு அல்ல, குறிக்கு: புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனி. 'டாக்டர்' கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் 7. 'அப்பாயின்ட்மென்ட்' 17, 'முன்பதிவு' 9. தனித்தமிழ் பேசுகிறவர்கள் இதையும் வாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

டெம்ப்ளேட்டில் பெயர், நேரம் என்று மாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் நீள வரம்பு உண்டு. டாக்டர் பெயரைப் பட்டங்களோடு தமிழில் எழுதினால் எகிறிவிடும், எஸ்எம்எஸ்ஸுக்கென்று ஒரு குறும்பெயர் ஃபீல்ட் வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் இணைப்பு இருந்தால் அந்த முகவரியையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து பதிவில்லாத இணைப்போடு போகும் செய்தி தடுக்கப்படுகிறது. இவ்வளவும் செய்து டெம்ப்ளேட் ஒப்புதல் வந்த பின்னும் செய்தி போகவில்லை. எஸ்எம்எஸ் சேவை விற்பனையாளரின் ஊழியர் "புதுசா ஒண்ணு போடுங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே அலைக்கழித்தார். காரணம் 'டோக்கன்' என்ற சொல்லில் இருந்தது. ஒப்புதல் பெற்றது இரண்டு குறி 'டோ', தளம் அனுப்பியது ஒற்றைக் குறி 'டோ'. டெம்ப்ளேட்டை என்எஃப்சிக்கு மாற்றித் திரும்பப் போட்டதும் முதல் செய்தியே போய்ச் சேர்ந்தது. ஊழியரிடம் சொன்னபோது "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

விடுப்பு அறிவிப்பை நள்ளிரவுக்கு நேரம் குறித்து வைத்தால் காலை 5.30க்குத்தான் வெளியாகிறதா? நேர மண்டலம் யுடிசியில் இருக்கிறது, கொல்கத்தா என்று மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை முடுக்கும் ஏற்பாடு) யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழிக்கும், எனவே சர்வர் கிரானையும் போட்டுவிடுங்கள்.

உள்ளடக்கத்தில் மார்க்கெட்டிங் ஆட்கள் செருகுவதைக் கவனிக்க ஒருவர் வேண்டும். "நீரிழிவைக் குணப்படுத்துகிறோம்" என்ற வரி 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டத்தில் சிக்கவைக்கும், நீரிழிவும் புற்றுநோயும் சிறுநீரகக் கல்லும் அதன் அட்டவணையில் உள்ளவை. நோயாளி யார் என்று தெரியும் சிகிச்சைக்கு முன், பின் படங்கள் அவர் அனுமதியின்றிப் போகக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. 2023இல் வந்த புது விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையதுதான் நடப்பில். ஸ்கேன் பக்கத்தில் கருவின் பாலினம் அறிவது பற்றி விளம்பரமாகப் படும் ஒரு சொல்லும் கூடாது. இந்தத் தடை இணையத்துக்கும் பொருந்தும், மூன்றாண்டு சிறை வரை உண்டு.

முன்பதிவுப் படிவத்தில் "உங்கள் பிரச்சினை என்ன?" என்ற பெட்டியையும் ரிப்போர்ட் ஏற்றும் பொத்தானையும் எடுத்துவிட்டோம். சில பிளக்கின்கள் ஏற்றிய ரிப்போர்ட்டை அப்லோட்ஸ் அடைவிலேயே போடுகின்றன, இணைப்பு கிடைத்தவர் எவரும் திறக்கலாம். பெயர், கைபேசி, டாக்டர், நேரம் போதும். டிபிடிபி (தனிநபர் தரவுப் பாதுகாப்பு) சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, ஒப்புதல் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பைச் சட்டம் கேட்கிறது. பிளக்கினோடு வரும் அறிவிப்பு அமெரிக்காவின் மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஹிப்பாவுக்கு எழுதியது. அதை மொழிபெயர்த்துப் போடாமல், என்ன தகவல், எதற்காக, ஒப்புதலைத் திரும்பப் பெற யாரை அணுகுவது என்று தமிழில் புதிதாகவே எழுதுங்கள். டிக் பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கக் கூடாது.