மாட்டுக் காது

மஞ்சப் பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "காது போதுமா சார், தலையும் வேணுமா?"

1985. கீழத்தஞ்சையில் ஒரு வங்கிக் கிளை. நான் ஃபீல்டு ஆபீசர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். ஐ.ஆர்.டி.பி. என்ற அரசின் ஊரக வளர்ச்சித் திட்டத்தில் விவசாயக் கூலிகளுக்குக் கறவை மாட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றில் ஒரு பங்கு மானியம், மாட்டுக்கு இன்சூரன்ஸ். அடையாளத்துக்கு மாட்டின் காதில் எண் போட்ட வில்லை ஒன்றைக் குத்திவிடுவார்கள். மாடு செத்தால் டாக்டர் சான்றிதழோடு அந்த வில்லையையும் ஒப்படைக்க வேண்டும். வெறும் வில்லை என்றால் உயிரோடு இருக்கிற மாட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அதனால் காதோடு அறுத்து வரச் சொல்வது வழக்கம். வாழைச்சருகில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வில்லையைக் கழற்றிக் கழுவி மேசை டிராயரில் போட்டேன்.

அன்று சாயந்திரமே லாட்ஜ் அறையில் புரட்சி பேசினோம். வங்கி ஊழியர் சங்கத்து ஆட்கள் நாலு பேர், எல்லோரும் பிரம்மச்சாரிகள். மேற்கு வங்கத்தில் நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சி நடந்து 18 வருடம் ஆகியிருந்தது. "வறுமை முத்தட்டும், தானா வெடிக்கும்" என்பார் எங்களில் மூத்தவர். நானும் தலையாட்டுவேன். சம்பளமும் பஞ்சப்படியும் முதல் தேதிக்குத் தவறியதில்லை. பஞ்சத்தைக் கண்ணால் பார்க்காத எங்களுக்குப் பஞ்சப்படி என்பது இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

எங்கள் கிளையிலிருந்து முக்கால் மணி நேர பஸ் பயணத்தில் கீழ்வெண்மணி. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியோடு தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அடுத்த வருடம், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வழக்கில் நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவ்வளவும் தெரிந்துதான் நாங்கள் "இந்த ஜனங்கள் புரட்சிக்கு வருவார்களா" என்று டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடன் வசூலுக்குப் போகிற தெருக்களில் ஒன்றில், முகப்பில் செங்கொடிக் கம்பம் இருந்தது. அங்கே ஒரு பெரியவர். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் அந்தப் பக்கம் விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் கட்டியபோது சிறுவனாகக் கூட்டத்தில் உட்கார்ந்தவர். ஆண்டைகள் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் கண்டவர். தவணையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, மெதுவாக என் கேள்வியை எடுத்து வைத்தேன். பெரிய எழுச்சி ஒன்று வந்தால் நீங்கள் எல்லாம் இறங்குவீர்களா, தாத்தா?

அவர் கேட்டார்: "எந்த மாசத்துல சார்?"

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. "பங்குனியில கொடி புடிச்சா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். வயல்ல ஒண்ணுமில்ல, நாமதான் பட்டினி. கதிரு சாஞ்சு கெடக்கணும் சார். நாலு நாள் போனா நெல்லு உதுந்துடும்னு ஆண்டைக்குத் தெரியணும். அப்பத்தான் பேச வருவாங்க. அப்பவும் வெளியூர் ஆளை எறக்கிட்டா அதுவும் போச்சு."

வெண்மணி நடந்தது சம்பா அறுவடை நெருங்கிய மார்கழியில் என்பது அதுவரை எனக்கு வெறும் தேதி. கூலியோடு, வெளியூர் ஆளை இறக்கியதும் அங்கே தகராறு.

இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் குடிசை நின்றது ஆண்டையின் மண்ணில். வேலைக்கு வரவில்லை என்றால் கூரையைப் பிரிக்கச் சொல்லிவிடலாம். 1971 குடியிருப்புச் சட்டத்துக்குப் பிறகு மனை கைக்கு வந்தது. "சொந்த மண்ணுல படுத்தாத்தான் சார் மறுநா வரமாட்டேன்னு சொல்ல வாய் வரும்."

லாட்ஜ் அறைத் தத்துவம் அங்கேயே தலைகீழானது. வறுமை முற்றினால் வெடிக்காது, செத்துப்போகும். 1943 வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். கல்கத்தா நடைபாதைகளிலும் விழுந்து செத்தார்கள். சோறு வடித்த கஞ்சித் தண்ணீருக்குக் கையேந்தினார்களே தவிர, அரிசிக் கடைகளைப் பெரும்பாலும் உடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 1946இல், அதே வங்காளத்தில் குத்தகை விவசாயிகள் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்தார்கள். தேபாகா போராட்டம் என்பது அதுதான். எழுவதற்கு முதலில் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது, இதை நான் எங்கள் மூத்தவரிடம் சொன்னபோது "சீர்திருத்தவாதி ஆயிட்டே" என்றார்.

கொடிக் கம்பம் வாசலில் என்றால், வீட்டுக்குள் எம்.ஜி.ஆர். காலண்டர். எங்கள் ஆட்களுக்கு இது பெரிய எரிச்சல். 1982இல் வந்த சத்துணவு, புரட்சியை மழுங்கடிக்கப் போடுகிற பிச்சை என்பது அவர்கள் வாதம். பெரியவரின் மருமகள் கணக்கு வேறு. அறுப்பு சமயத்தில் வேலை நிறுத்தம் என்றால் ஒரு வாரம் அடுப்பு எரியாது. "புள்ளைங்க மத்தியானம் ஸ்கூல்ல சாப்டுடும். நாங்க ரெண்டு பேரும் தாக்குப்புடிச்சிடுவோம்." பார்லிமெண்டுக்குக் கதிர் அரிவாள், சட்டசபைக்கு இரட்டை இலை என்று கூச்சமில்லாமல் சொன்னார். முரண்பாடு என்று அன்று டைரியில் எழுதி வைத்தேன். இன்று அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

ஏழைகளை நான் புனிதமாக்கவில்லை. போராட்ட நாளில் ராத்திரியோடு ராத்திரியாக ஆண்டை களத்துக்குப் போய் வேலை பார்த்தவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். அவர்களைப் பெரியவர் திட்டவில்லை. "அவனுக்கு நாலு பொண்ணு" என்றார், அவ்வளவுதான்.

மாட்டுக் காது விவகாரத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. வில்லையில் இருந்த எண்ணில் கடைசி இலக்கம் 7. கடன் பத்திரத்தில் 1 என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது. மூன்று முறை கடிதம் எழுதினேன், விளக்கம் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. செத்த மாட்டுக்கு அந்த அம்மா தவணை கட்ட வேண்டியதாயிற்று. அவரிடம் தப்பு என்னுடையது என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. "சரி சார், எழுதறப்ப கை தவறுறதுதான்" என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வருடம் டிசம்பர் 25, வங்கி விடுமுறை. பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக நின்றிருந்தேன். வெண்மணி அஞ்சலிக்குப் போகிற கூட்டம் பஸ்ஸின் கூரை வரைக்கும் ஏறியிருந்தது. ஜன்னலோரம் அந்த அம்மா, மடியில் சுருட்டிய கொடி. எங்கள் மூத்தவரும் நானும் அந்த நாளைப் பற்றி எத்தனையோ ராத்திரி பேசியிருக்கிறோம். ஒரு தடவைகூட அந்தப் பஸ்ஸில் ஏறியதில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். நான் திரும்பிக்கொள்வதற்குள் ஜன்னல் கம்பி வழியாகக் குரல் கொடுத்தார்.

"சார், தையில அறுப்பு. அப்ப வந்து கட்டிடறேன்."