பத்து விநாடிக்குள் சிக்காத படபடப்பு

பிப்ரவரி 3

நான் பயிற்சி தரும் நெடுந்தூர ஓட்டக்காரி, 400 மீட்டர் விரைவோட்டப் பயிற்சியின் நடுவில் நின்றுவிட்டாள். “நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சார்.” மயக்கம் இல்லை, வலியும் இல்லை. இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். 2021 ஜூன் 12 அன்று ஆட்டத்தின் நடுவே டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் இதயம் நின்று சரிந்து விழுந்ததைப் பார்த்த எவரும் இதில் அசட்டையாக இருக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 6

இதயத்தின் மின்னலைகளைப் பதியும் ஈசிஜி, ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ, ஓடவைத்துப் பார்க்கும் டிரெட்மில் எல்லாமே சரி. ஓய்வில் துடிப்பு நிமிடத்துக்கு 46. நெடுந்தூரம் ஓடிப் பழகிய இதயத்துக்கு அது இயல்புதான். ஆனால் படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி பதிவதோ பத்து விநாடி. எப்போதோ வந்து தானாகப் போகும் படபடப்பு அதற்குள் எப்படிச் சிக்கும்?

கைக்கடிகாரத்தில் அன்று 178 என்று பதிவாகியிருந்ததைக் காட்டினாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதன் பச்சை ஒளி மணிக்கட்டின் ரத்த ஓட்டத்தைத்தான் பார்க்கிறது; கை வீசி ஓடும்போது காலடி வேகத்தையே நாடித்துடிப்பு என்று எண்ணிவிடும். அவள் காலடியும் நிமிடத்துக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். மருத்துவருக்கு வேண்டியது எண் அல்ல, ஈசிஜி அலையின் வடிவம்.

பிப்ரவரி 11

இடது மார்பின் மேல்பக்கம் ஒட்டுப்பட்டைக் கருவி ஒட்டியாயிற்று. இதயத்தின் மின்னலைகளை 14 நாள் இடைவிடாமல் பதியும். நடமாடும்போதே ஈசிஜி பதிய அமெரிக்க அறிவியலாளர் ஹோல்டர் முதன்முதலில் செய்த கருவி சுமார் 38 கிலோ, முதுகில் சுமக்க வேண்டும்! வழக்கம்போல் ஓட அனுமதி உண்டு. துணைக்கு ஆளும், மைதானத்தில் ஏஇடி கருவியும் (நின்றுபோன இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்பது) இருக்க வேண்டும். படபடப்பு வந்ததும் பொத்தானை அழுத்தி நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

பிப்ரவரி 19

வந்துவிட்டது. அவள் குறிப்பு: “காலை 6.42. மூன்றாவது சுற்று. திடீரென்று தொடங்கியது. நின்று மூச்சு வாங்கும்போது சட்டென்று அடங்கியது.” ஓடுவதால் ஏறும் துடிப்பு படிப்படியாக ஏறும், படிப்படியாகவே இறங்கும். இது அப்படி இல்லை.

மார்ச் 4

அறிக்கை வந்தது. 6.42-க்கு 150-இல் இருந்த துடிப்பு அடுத்த கணமே 210. குறுகிய, சீரான அலைகள். எஸ்விடி என்றார் மருத்துவர்: இதயத்தின் மேற்பகுதியில் மின்னோட்டம் சுழன்று திரும்பும் கோளாறு. இதய அமைப்பு நன்றாக இருப்பதால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வடிகுழாய் செலுத்திக் கோளாறான இடத்தைச் சுடும் சிகிச்சையில் பலருக்கு முழுமையாகவே தீர்ந்துவிடும்.

பள்ளி நாளிலிருந்தே இது உண்டாம். போட்டிப் பயம், மனப்பதற்றம் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். கேட்கவே ஆத்திரமாக இருந்தது. எஸ்விடி உள்ள பெண்கள் பலர் இதைக் கேட்டே காலம் தள்ளுகிறார்கள்.

“ஓடலாமா, டாக்டர்?” என்றாள். இதய மின்னோட்டப் பரிசோதனை முடியும்வரை போட்டி வேண்டாம். மெதுவோட்டம் மட்டும், படபடத்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். பரிசோதனைக்கு அடுத்த வாரம் நாள் கிடைத்திருக்கிறது.