சோதனைக் காலத்து நாட்குறிப்பு

பெங்களூருவில் சிறுநீரியல் பிரிவு ஒன்றில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு, நரம்புத் தூண்டல் கருவி பொருத்தும் சிகிச்சையில் அறுவை அரங்கைவிட அதற்குப் பிந்தைய சோதனைக் காலமே முக்கியமாகப் படுகிறது. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் கட்டுப்படாத சிறுநீர் அவசர உந்துதல், சிறுநீர்க் கசிவு, அடைப்பு ஏதுமின்றியே சிறுநீர் தேங்குதல் ஆகியவற்றுக்கான சிகிச்சை இது. சான் பிரான்சிஸ்கோவில் தனாகோ, ஷ்மிட் ஆகிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த இம்முறைக்கு அமெரிக்காவில் 1997இல் அனுமதி கிடைத்தது.

அரங்கில் நோயாளி குப்புறப் படுத்திருக்க, முதுகின் அடியிலுள்ள திரிக எலும்பின் மூன்றாம் துளை வழியே மெல்லிய மின்கம்பியைச் சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்பருகே மருத்துவர் செலுத்துவார். நான் கால்மாட்டில் நின்று பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மின்துடிப்பு கூடும்போது ஆசனவாய்த் தசை சுருங்கிக் காலின் பெருவிரல் மட்டும் கீழ்நோக்கி மடங்கினால் இடம் சரி. பாதம் முழுவதும் அசைந்தால் கம்பி ஒரு துளை மேலே போயிருக்கக்கூடும்.

அதன்பின் ஓரிரு வாரங்கள், அந்தக் கம்பியோடு இணைத்த தற்காலிகக் கருவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நோயாளி வீட்டில் இருப்பார். இதுதான் சோதனைக் காலம். எத்தனை முறை போனார், எத்தனை மில்லி, எத்தனை முறை கசிந்தது என்று அவர் எழுதிவரும் நாட்குறிப்பில் தொல்லை பாதியாவது குறைந்திருந்தால்தான் நிரந்தரக் கருவியைப் பிட்டத்தின் மேற்பகுதியில் தோலுக்கடியில் பொருத்துவார்கள்.

அல்சூரிலிருந்து வந்த ஓர் அம்மா, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லித் தாளை நீட்டினார். எல்லா வரிகளிலும் இருநூறு மில்லி. கசிவுக் கட்டம் முழுக்கக் காலி. மை ஒரே சீராக, ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருந்தது. மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "பிள்ளைங்க இவ்வளவு செலவு பண்ணியிருக்காங்க, டாக்டரும் கஷ்டப்பட்டிருக்காரு. சரியாகலன்னு எப்படிம்மா வாய் வரும்?" என்றார்.

அந்த நன்றியுணர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதை நம்பிப் பல லட்சம் ரூபாய்க் கருவியைப் பொருத்தியிருந்தால், பயனில்லாத ஒன்றை அவர் உடலில் சுமந்திருப்பார். கம்பியிலுள்ள நான்கு மின்முனைகளில் வேறொன்றுக்கு மருத்துவர் மாற்றிப் பார்த்தார். புதிதாக, அளவுக்குவளை வைத்து எழுதச் சொன்னோம். அப்போதும் குறைவு பாதியை எட்டவில்லை. கம்பியை எடுத்துவிட்டு, கணுக்காலுக்கு மேல் ஊசி வைத்து வாரம் ஒரு முறை அரை மணி நேரம், 12 வாரங்கள் நரம்பைத் தூண்டும் எளிய முறைக்கு அவரை அனுப்பினோம். சோதனை தோற்றதாக அவர் குடும்பம் வருந்தியது. என்னைக் கேட்டால், சோதனை தன் வேலையைச் சரியாகச் செய்தது என்பேன்.

இப்போதெல்லாம் தாளைக் கொடுக்கும்போதே கசிவு நேர்ந்தால் மறைக்காமல் குறிக்கும்படி சொல்லிவிடுகிறேன். திரும்பி வாங்கும்போது உறவினர் யாரும் அறையில் இருப்பதில்லை.