ஏலத்துக்கு வரி இல்லை, சரி. அது ஏலக்காய்ப் பணம் என்று யார் சொல்வது?

தேனி மாவட்டக் கம்பத்தில் யாரைக் கேட்டாலும் ஏலத்துக்கு, அதாவது ஏலக்காய்க்கு, இன்கம்டாக்ஸ் கிடையாது என்பார்கள். மேலே கேரளத்து இடுக்கி மலையில் தோட்டம் வைத்திருப்பவர், காலையில் ஆளேற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்காரர், காய் வாங்கும் கடைக்காரர் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. வருமான வரிச் சட்டம் 10(1) பிரிவு விவசாய வருமானத்தைத் தொடுவதில்லை. அந்த வரியைப் போடும் அதிகாரமே மாநிலத்துக்குத்தான், அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 46ஆவதாக இருக்கிறது. அதிலும் ஏலம், மிளகு வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். தானே விளைவித்த பச்சைக்காயை ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலர்த்தி விற்றாலும் முழுதும் விவசாயம்தான், ஏனென்றால் உலர்த்தாமல் அதைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. தேயிலை வளர்த்துத் தயாரிக்கிறவருக்கு 40 சதவீதம் வியாபார வருமானம் என்று கணக்கு, ரப்பருக்கு 35.

ஆனால் பேங்கில் போட்ட பணத்தின் மேல் ஏலக்காய் என்று எழுதியிருக்காது. என் மாமாவுக்கு நடந்தது அதுதான். இந்தப் பக்கத்தில் இதே நிலைமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். நான் ஆடிட்டர் இல்லை, கடைகளுக்கு ஜிஎஸ்டி போட்டுக் கொடுப்பவள். பிரிவு எண்கள் எல்லாம் 1961ஆம் வருடச் சட்டத்தின்படி. புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல், அதில் எண்கள் மாறுகின்றன, பழைய வருடங்களுக்குப் பழைய எண்தான்.

2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அழிந்து, அடுத்த வருடம் காய் வரத்தே இல்லாமல் போய், 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போனது நினைவிருக்கும். அந்த வருடம் கையில் காய் இருந்தவன் ராஜா. மாமாவுக்கு வண்டன்மேடு பக்கம் கொஞ்சம் சொந்தத் தோட்டம், பக்கத்தில் குத்தகைக்கு எடுத்தது கொஞ்சம். அது போதாதென்று அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சைக்காயை வாங்கித் தன் ஸ்டோரிலேயே உலர்த்தி விற்றார். பணத்தை எல்லாம் குமுளியில் ஒரு சேவிங்ஸ் கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தார், மொத்தம் 23 லட்சம். சேவிங்ஸ் கணக்கில் ஒரு நிதியாண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் போட்டால் பேங்க் அதை வரித் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பேங்க் மேனேஜர் மாமாவிடம் டீ குடித்துக்கொண்டே இதைச் சொல்லியும் இருக்கிறார். மாமா பிறகு ஏலத்துக்கு வரி இல்லை என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறார்.

விலை விழுந்தது, ஒரு கட்டத்தில் கிலோ ஆயிரத்துக்கும் கீழே போனது, எல்லாரும் 2019ஐ மறந்தும்விட்டார்கள். 2024 பிப்ரவரியில் 148ஏ(பி) நோட்டீஸ் வந்தது. உங்கள் கணக்கில் இவ்வளவு ரொக்கம் போடப்பட்டிருக்கிறது, நீங்கள் ரிட்டர்ன் போடவில்லை, இந்த வருமானம் வரிக்குத் தப்பியது என்று ஏன் கருதக் கூடாது, பதில் சொல்லுங்கள் என்று. அப்போது குறைந்தது ஏழு நாள், கூடினால் முப்பது நாள் கொடுப்பார்கள். மாமாவின் பான் கார்டை எடுத்துக் கொடுத்தது குமுளியில் ஒரு பிரவுசிங் சென்டர், ஈமெயில் என்ற இடத்தில் அந்தப் பையன் தன் ஈமெயிலையே போட்டிருக்கிறான், போன் நம்பர் மாமா எப்போதோ தூக்கிப்போட்ட சிம். பையன் இப்போது துபாயில். தபாலில் வந்த ஒரு பிரதிதான் தோட்டத்து முகவரிக்குப் போய், கங்காணி அதை உரம் வந்த பில் என்று நினைத்து ஸ்டோர் ஜன்னலில் செருகி வைத்து, மாமா கண்ணில் பட்டபோது கொடுத்த கெடுவில் பாதி ஓடிவிட்டது.

"கேரளா ஆபீஸ்காரன் அனுப்புனது தாயி, நாம தமிழ்நாடு. அவன் இங்க வந்து என்ன பண்ணுவான்" என்றார். எல்லைக்காரர்களுக்கு இந்த நம்பிக்கை ரத்தத்தில் ஊறியது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம் என்று பிழைத்துப் பழகிவிட்டோம், சாராயம் முதல் மணல் வரைக்கும் அப்படித்தான். வருமான வரி மத்திய அரசுடையது. பான் ஒன்றுதான், நாடு முழுக்க ஒன்றுதான். விசாரணையே முகம் தெரியாத முறையில் போர்ட்டல் வழியாகத்தான் நடக்கிறது, நம் பதிலைப் படிக்கிறவர் குவாஹாத்தியிலும் இருக்கலாம், அகமதாபாத்திலும் இருக்கலாம்.

முதலில் அந்தக் கடிதம் உண்மையா என்று பார்த்தோம். 2019 அக்டோபருக்குப் பிறகு துறையிலிருந்து வரும் கடிதம் எதிலும் டின் என்ற அடையாள எண் இருக்கும், போர்ட்டலில் லாகின் இல்லாமலே அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். இந்தக் காலத்தில் இதைச் செய்யாமல் யாருக்கும் போன் போடாதீர்கள், மோசடிக் கடிதங்களும் வருகின்றன. அப்புறம் ஆதார் ஓடிபி வைத்து உள்ளே போய், ஈமெயிலையும் நம்பரையும் மாற்றி, அந்த வருடத்துக்குத் துறையிடம் இருக்கும் தகவல் அறிக்கையை இறக்கிப் பார்த்தோம். பேங்க் சொன்னது எல்லாம் அதில் அப்படியே இருந்தது. போர்ட்டலிலேயே அவகாசம் கேட்டோம், கிடைத்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வரும், தாமதமாகவாவது ரிட்டர்ன் போட்டுவிட்டால் என்ன என்று. அப்டேட்டட் ரிட்டர்ன் என்று 2022இல் ஒரு வழி வந்தது, கூடுதல் வரி 25 அல்லது 50 சதவீதம் கட்டிவிட்டுப் பழைய வருடத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அப்போது அதற்கு இரண்டு வருடம்தான் கெடு, மாமாவின் வருடத்துக்கு அது 2023 மார்ச்சோடு முடிந்துவிட்டது. பிறகு 2025இல் அதை நாலு வருடமாக நீட்டி, கடைசி இரண்டு வருடத்துக்கு 60, 70 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் வராதவர்கள் இப்போதே கணக்குப் பாருங்கள்.

மாமா ஒரு கன்சல்டன்டைப் பிடித்தார், ஊர் பேர் வேண்டாம். அவர் பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: முழு 23 லட்சமும் சொந்தத் தோட்டத்துக் காய் என்று போட்டுவிடலாம், தெரிந்த கடையில் நாலைந்து பில் வாங்கித் தருகிறேன், ஒவ்வொன்றும் ஐந்தாறு லட்சம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொய் என்பது ஒரு பக்கம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் 269எஸ்டி பிரிவை மீறியதாக, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம், விவசாயி என்றாலும் விலக்கு இல்லை. விவசாயியிடம் காய் வாங்கும் வியாபாரி 10,000த்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அவருக்குச் செலவாக ஏற்றுக்கொள்வார்கள், அதற்குத் தனி விதி உண்டு. அதனால்தான் ஏரியா வியாபாரிகள் தைரியமாக ரொக்கம் நீட்டுகிறார்கள். ஆனால் 2 லட்சம் வரம்பு ரொக்கம் வாங்குகிறவர் தலையில், அதாவது நம் தலையில். வரி விலக்கைக் காட்டப் போய் ஐந்து லட்சத்துக்கு ஐந்து லட்சம் அபராதத்துக்கு நாமே ஆதாரம் தயாரித்துக் கொடுப்பதா? மாமா நடத்திய விற்பனை எல்லாம் ஒரு தடவைக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம் என்றுதான் இருந்தது, அதுதான் அவரைக் காப்பாற்றியது.

கன்சல்டன்டை விட்டுவிட்டு, கம்பத்திலேயே ஒரு வயதான ஆடிட்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு காய் உன்னுடையது, எவ்வளவு வாங்கினது. சொந்தம், குத்தகை இரண்டும் விவசாயம். அடுத்தவரிடம் வாங்கி உலர்த்தி விற்றது வியாபாரம், அதற்கு வரி உண்டு. மாமாவுக்கு இது புதுச் செய்தி. காய் காய்தானே என்றார்.

ஆதாரத்துக்கு என்ன செய்வது? நிலத்துக்குப் பட்டயம், அதாவது நம் ஊர்ப் பட்டா, இல்லை, இடுக்கியில் பட்டயம் என்பது தேர்தலுக்குத் தேர்தல் வரும் விஷயம். ஆடிட்டர் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நிலம் யார் பேரில் என்பதைவிட அதில் விவசாயம் நடந்ததா, செய்தது யார் என்பதுதான் கேள்வி என்றார். கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதுகள் மலையாளத்தில் இருந்தன, ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து மாமா கையெழுத்துப் போட்டு இணைத்தோம். ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் பெற்ற ஏல நிறுவனத்தின் வழியாக விற்றதற்கு ஸ்டேட்மென்ட் கொஞ்சம் இருந்தது. குத்தகைக்கு வெள்ளைத்தாள் ஒப்பந்தம்தான், தோட்டத்துக்காரரிடம் புதிதாக ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்கினோம்.

எல்லாவற்றையும்விட உதவியது அத்தையின் கூலி நோட்டு. நீள நோட்டு, முனை எல்லாம் ஏலக்காய்க் கறை பட்டுக் கறுத்து ஒட்டிப்போய் இருந்தது. எடுப்பு எடுப்பாகத் தேதி, ஜீப் வாரியாகக் காய் எடுத்த பெண்களின் பேர், பேருக்கு நேரே எத்தனை கிலோ பச்சை, முன்பணம் வாங்கியிருந்தால் சிவப்பு மையில். நடுநடுவே பால் கணக்கும் ஒரு கல்யாண மொய்யும். பச்சைக்காய் சுமார் ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ கிடைக்கும் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சொந்தம், குத்தகை இரண்டிலும் சேர்ந்து எவ்வளவு உலர்ந்த காய் வந்திருக்கும் என்பதும், அந்தந்த மாத விலைக்கு அது ஏறத்தாழ 15 லட்சம் என்பதும் நின்றது. மீதி 8 லட்சம் வாங்கி விற்றது. பொய்யாக எழுதியிருந்தால் இவ்வளவு அசிங்கமாக எழுதியிருக்க முடியாது என்று ஆடிட்டர் சந்தோஷப்பட்டார். அத்தைக்குக் கோபம்.

பதில் கொடுத்தும் மார்ச்சில், பழைய வருடத்தை மறுபடி திறக்கும் 148 நோட்டீஸ் வரத்தான் செய்தது. ரிட்டர்னே போடாதவர் என்பதால் அது எதிர்பார்த்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக ரிட்டர்ன் போட்டோம். வியாபாரம் 8 லட்சத்துக்கு, சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில் 8 சதவீதத்தை லாபமாக வைத்து 64,000. மாமாவுக்குக் கம்பத்தில் இருக்கும் கடைகளின் வாடகை 3,60,000, அதில் 30 சதவீதம் கழித்து 2,52,000. ஆக, வரிக்கு உரியது 3,16,000. விவசாயத்தில் செலவு போக 10 லட்சம்.

இங்கேதான் யாரும் சொல்லாத ஒரு கொக்கி. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, ஆனால் மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டிவிட்டால் விவசாய வருமானத்தை மேலே சேர்த்துத்தான் விகிதம் பார்ப்பார்கள். 13,16,000க்கு வரி 2,07,300. அதிலிருந்து, விவசாய 10 லட்சத்தோடு விலக்கு 2,50,000ஐச் சேர்த்து 12,50,000க்கு வரும் 1,87,500ஐக் கழிக்க வேண்டும். மீதி 19,800. சிறு வருமானக்காரர்களுக்கான 87ஏ தள்ளுபடி 12,500 போக 7,300, செஸ் சேர்த்து 7,592. தோட்டமே இல்லாமல் வெறும் வாடகையும் வியாபாரமும் மட்டும் இருந்திருந்தால் தள்ளுபடி போக ஒரு பைசா வந்திருக்காது. மாமா இதைக் கேட்டு, அப்ப வரி இருக்குன்னுதானே அர்த்தம் என்றார். பதில் சொல்ல முடியவில்லை, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்தும் பதினைந்தாயிரத்தைத் தொடவில்லை. அடுத்த மார்ச் முடிவதற்குள் ஆர்டர் வந்தது, நடுவில் இரண்டு மூன்று கேள்வி கேட்டார்கள். ஒன்று, குத்தகை நிலம் எத்தனை ஏக்கர், பாசனமா மானாவாரியா என்று. கூலி நோட்டின் ஸ்கேனையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், மொய்ப் பக்கத்தோடு.

அதே சமயத்தில் மாமாவின் தோட்டத்துக்கு மேலே ஒருவருக்கும் இதே நோட்டீஸ், தொகை இன்னும் குறைவு. ஏலத்துக்கு வரி இல்லை என்று அவர் பதிலே போடவில்லை. 144 பிரிவில் அதிகாரியே தன் அறிவுக்கு எட்டியபடி மதிப்பிட்டு, முழுத் தொகையும் விளக்கமில்லாத பணம் என்று ஆர்டர் போட்டுவிட்டார். அந்த வகைப் பணத்துக்கு 115பிபிஇ பிரிவில் அந்த வருடம் 60 சதவீத வரி, அதன் மேல் 25 சதவீத சர்சார்ஜ், செஸ், ஆக 78 சதவீதம். விலக்கு வரம்பு, ஸ்லாப் எதுவும் கிடையாது. மாமாவின் 23 லட்சத்துக்கு அப்படிப் போட்டிருந்தால் பதினெட்டு லட்சத்துக்கு ஆறாயிரம்தான் குறைவு.

அவர் இப்போது அப்பீலில் இருக்கிறார். ஆர்டர் கிடைத்து முப்பது நாளுக்குள் போட வேண்டும், அதையும் தாண்டிப் போட்டதால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். வசூலை நிறுத்தி வைக்க வழக்கமாகத் தொகையில் ஒரு பங்கை முதலில் கட்டச் சொல்வார்கள், அதற்கே ஒரு துண்டை விற்கப் பார்க்கிறார், பட்டயம் இல்லாததால் கேட்கிற விலைக்கு ஆள் இல்லை. போன வாரம் அத்தையிடம் வந்து, அந்த வருடம் அவர் தோட்டத்துக்கும் வந்து காய் எடுத்த பெண்கள் யார் யார் என்று நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.