சலூன் கதிரை பம்ப் வேலை: மார்ச் குறிப்புகள்

17.03.2025, திங்கள், கல்லடி, மட்டக்களப்பு

ஜன்னல் பக்கக் கதிரை மறுபடியும் தானாக இறங்குகிறது. மிதித்தால் ஏறுகிறது, ஆள் இருந்து கொஞ்ச நேரத்தில் மெல்ல மெல்லக் கீழே போகிறது. முடி வெட்டும்போது என்றால் சமாளிக்கலாம், தாடி வழிக்கும்போது கழுத்தில் கத்தி இருக்க, கதிரை அரை அங்குலம் அசைந்தாலும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. இன்றைக்கு வயதான வாத்தியார் ஒருவருக்கு வழிக்கிறபோது அப்படித்தான் ஆனது. கத்தியை எடுத்துவிட்டு, "இந்தக் கதிரைக்கு வாங்க சேர்" என்று மாற்றி இருத்தினேன். சரியாகும்வரை அதில் யாரையும் இருத்தப் போவதில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன் முடிக்க வேண்டும், காத்தான்குடிப் பொடியன்மார் அந்த வாரம்தான் நிரம்பி வருவார்கள், அது முடிய சித்திரை வருஷம்.

18.03.2025, செவ்வாய்

கடை பூட்டியபிறகு பார்த்தேன். பெடலை அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒரு வால்வு திறந்து ஒயில் திரும்பிப் போகும், அதனால்தான் கதிரை இறங்குகிறது. பெடல் முழுதாகத் தன் இடத்துக்கு வராவிட்டால் அந்த வால்வு கொஞ்சம் திறந்தே கிடக்கும், முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெடல் நல்லாகத்தான் இருந்தது. வெளியே ஒயில் கசிவும் இல்லை, அப்போ கோளாறு உள்ளுக்குள். திறந்ததும் வந்த மணத்திலேயே தெரிந்தது: முன்பு வைத்திருந்தவர் பிரேக் ஒயில் ஊற்றியிருக்கிறார்! இந்தப் பம்பில் ஒயில் கசியாமல் அடைக்கிற வளையம், ஓ ரிங், நைட்ரைல் றப்பர், அதற்குப் பிரேக் ஒயில் ஆகவே ஆகாது. ரிங் தண்ணியில் ஊறின கடலை மாதிரிப் பொதுமி, ஒரு பக்கம் கிழிந்தும் இருந்தது. அடியில் துருத்தூளோடு துண்டு முடிகள் வேறு.

20.03.2025, வியாழன்

காத்தான்குடியில் ஹார்ட்வெயார் கடைக் காக்கா (அண்ணன்) பழைய ரிங்கைக் கேட்டார். பொதுமின ரிங்கை அளந்தால் அளவு பிழைக்கும் என்று சொல்லி, கதிரையைத் தூக்குகிற தண்டையும் ரிங் இருக்கிற பள்ளத்தையும் வேர்னியர் அளவுகோலில் அளந்து எழுதிக் கொண்டுபோன துண்டைக் கொடுத்தேன். நைட்ரைல்தான் வேணும் என்றும் சொன்னேன், கார் பிரேக்குக்குப் போடுகிற றப்பர் வேறு, அது பம்புக்கு விடுகிற மினரல் ஒயிலில் ஊதிவிடும். ஒயில் 32 நம்பர் ஹைட்ரோலிக். எஞ்சின் ஒயில் போதும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார், அது தடிப்பு, பெடல் கனக்கும்.

21.03.2025, வெள்ளி

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, காயவிட்டுப் பூட்டினேன். வால்வுக்குள் இருக்கிற இரும்புக் குண்டு மிளகு அளவுதான், உருண்டு போனால் பம்பே வேலை செய்யாது, அதனால் தட்டுக்கு மேலே வைத்துத்தான் கழற்றுவதும் பூட்டுவதும். ஒயில் விடும்போது தண்டு முழுதாகக் கீழே இருக்க வேண்டும், மேலே ஏற்றி வைத்து நிரப்பினால் இறக்கும்போது பொங்கி வழியும். அப்புறம் உச்சிவரை ஏற்றி, அடிவரை இறக்கி, திரும்பத் திரும்ப. உள்ளே சிக்கின காற்று வெளியேற வெளியேற கதிரையின் துள்ளல் நின்று பெடல் இறுகி வந்தது. ஐம்பது கிலோ சீமெந்து மூட்டையை இருக்கையில் வைத்து, உயரத்தைச் சுவரில் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

22.03.2025, சனி

கோட்டிலேயே நிற்கிறது. முதல் ஆளாக வாத்தியாரையே இருத்தி வழித்தேன்.

இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்றில் தண்டின் குரோம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ரிங்கை அறுக்கும். தினமும் பூட்டமுன் கதிரையை ஏற்றி, தண்டில் ஒட்டின முடியைத் துடைத்து, ஒயில் துணியால் ஒரு தடவு தடவிவிடச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். பக்கத்துக் கதிரையும் அதே ஆளிடம் வாங்கினதுதான், பெருநாள் முடிய அதையும் திறக்க வேண்டும்.